தாடிக்காரருக்கு நான் வைத்த பொட்டு

உலகத்தில் யாரும் யாரையும் ஆளக் கூடாது என்று சொன்ன ஒரு பெரிய மனிதர்மேல் எனக்கு ஒன்பது வயதில் வயிற்றெரிச்சல் வந்தது. அவர் எப்போதோ செத்துப்போனவர். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்துக்காரர். இருந்தும் எம்.ரெட்டியபட்டியில் எங்கள் வீட்டுச் சுவரில் அவர் குடியேறிய நாளிலிருந்து என் சித்தப்பா எனக்கு இல்லாமல் போனார்.

சித்தப்பா அருப்புக்கோட்டையில் ஒரு பிளெக்ஸ் கடையில் வேலை பார்த்தார். பகலெல்லாம் தலைவர்களையும் காதுகுத்துக் குழந்தைகளையும் அச்சடிப்பார். ஒருநாள், கல்யாண பேனர் அடித்து மிச்சம் விழுந்த துண்டில் தாடிக்காரரை அடித்துக் கொண்டுவந்து வாசலுக்கு நேரே மாட்டினார். மார்பு வரைக்கும் தாடி.

"பணக்கார வீட்டுல பொறந்தவுக மதினி. எல்லாத்தையும் உதறிட்டு, எவனும் எவனுக்கும் எசமான் இல்லன்னு சொல்லி ஜெயிலுக்குப் போனாக" என்று அம்மாவிடம் சொன்னார்.

"இருக்கவுக உதறுறாக" என்று சொல்லிவிட்டு அம்மா உலை வைக்கப் போனாள்.

அதுவரை சித்தப்பா சாயங்கால பஸ்ஸில் இறங்கியதும் காராச்சேவுப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் கேட்பார். இப்போது பொட்டலம் மட்டும் வந்தது. சட்டையைக்கூடக் கழற்றாமல் தாடிக்காரரின் புத்தகத்தைத் திறந்துவிடுவார். கணக்கில் நான்தான் முதல் மார்க் என்று ஓடிப்போய்ச் சொன்னால், "பிள்ளைகள மொதல், ரெண்டுன்னு பிரிக்கிறதே தப்புன்னு இவுக சொல்றாக தாயி" என்பார். என் மார்க்கையும் அந்த ஆள் தின்றுவிட்டார்.

எறும்பைக் காட்டுவார். "எந்த அதிகாரி வந்து இதுகள வரிசையில போகச் சொன்னான்? போன மழைக்குக் கண்மாய்க்கரை ஒடைஞ்சப்ப ஊரே கூடி மண்ணு சொமந்துச்சே, யாரு உத்தரவு போட்டா? ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருந்தா அதிகாரமே வேணாம். இவுக அப்பவே எழுதி வச்சிருக்காக." எறும்பைப் பற்றி நானும்தான் அவரிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் யாரும் புத்தகமாகப் போடவில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன். "சித்தப்பா, நீங்க எனக்குத்தான சொந்தம்?"

அவர் சிரித்தார். "யாரும் யாருக்கும் சொந்தமில்ல தாயி. அதத்தான இவுக சொல்றாக."

அன்றைக்கே தாடிக்காரரைத் துரத்துவதென்று முடிவு செய்தேன். சித்தப்பாவுக்குச் சாமி என்றாலே ஆகாது. பங்குனிப் பொங்கலுக்குக்கூடக் கோயில் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார். தாடிக்காரர் சாமியாகிவிட்டால் சித்தப்பாவே கழற்றி எறிந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். நாற்காலி போட்டு ஏறி, நெற்றியில் திருநீற்றுப் பட்டையும் குங்குமப் பொட்டும் வைத்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

உறை மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இவுக எந்த ஊருச் சாமியாருடி?"

"தெரியல பெரியம்மா. கனவுல வந்து, மழை வருதுன்னு சொன்னாக."

பருத்தி விதைத்துவிட்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நான் பொட்டு வைத்த அன்று காலையில் போன சித்தப்பாவோ தேர்தல் பேனர் வேலை என்று கடையிலேயே தங்கிவிட்டார். என் கெட்ட நேரம், மறுநாள் மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது.

அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. தாடிக்காரரின் வாழ்க்கையைப் பற்றி எங்கள் வீட்டில் சித்தப்பா பேசுவதாக ஏற்பாடு. அதற்காக ஒரு மாதமாக நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார். திருச்சுழியிலிருந்து வந்த இரண்டு தோழர்களோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்தில் பெண்கள் கூட்டம். படத்துக்குக் கதம்ப மாலை. கீழே தேங்காய், பழம், சர்க்கரைப் பொங்கல்.

தோழர்களில் மூத்தவர் பதறிப்போனார். "சாமியும் வேணாம், சர்க்காரும் வேணாம்னு சொன்ன மனுசன்மா இவரு! இவருக்குப் பட்டை போட்டது யாரு?"

"இவுகளே சாமிதான்யா. இந்தப் பிள்ளை கனவுல வந்து மழை சொன்னாகள்ல" என்றார் பெரியம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாமி பேரில் யாராவது பொய் சொன்னால் அப்பாவுக்குக் கோபத்தில் கண்மண் தெரியாது. "ஏத்தா, நெசமாவே கனவு கண்டியா?" என்று கேட்டபடியே வேப்பங்குச்சியை எடுத்துவிட்டார். நான் சுவரோடு ஒண்டினேன்.

சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "பிள்ளைய விடுங்கண்ணே. கனவு கண்டது நான். கடைக்குக் கெளம்பையில பட்டை போட்டதும் நான்தான். கேட்டா உன் கனவுன்னு சொல்லுன்னு நாந்தான் சொல்லிவச்சேன்."

"அப்படிப் போடுங்க! அப்ப நீங்களே சூடம் காட்டுங்க தம்பி" என்று பெரியம்மா தட்டை நீட்டினார். சித்தப்பா வாங்கிக் காட்டினார். பிறகு, எல்லோரும் பார்க்க, கையெடுத்துக் கும்பிட்டார். தோழர்கள் இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். திருச்சுழி டீக்கடையில் ரொம்ப வருஷம் சித்தப்பாவுக்குப் பூசாரித் தோழர் என்றுதான் பெயர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குலசாமி முன்னால்கூடக் குவியாத கை அது. இந்தத் தாடிக்காரருக்காகப் பொய்யும் சொல்லி, சூடமும் காட்டி, கும்பிடவும் செய்கிறாரே, இனி என்னை எங்கே திரும்பிப் பார்க்கப்போகிறார் என்று பொங்கலைத் தொடாமல் அழுதேன். குச்சியோடு நின்ற அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுதான் அவர் கும்பிட்டார். அதை நான் பார்த்தேன். அந்தக் கும்பிடு எனக்காக என்பது மட்டும் தெரியவில்லை.