மதினி பார்த்து வைத்த முகம்

“தலை நெறைய முடி இருந்துச்சு. ஈரத்தோட இருக்கும்போதே சுருட்டைன்னு தெரிஞ்சது.”

திராட்சைப் பந்தலுக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து, கொத்துகளில் வெடித்த பழங்களைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் மதினி சொன்னது இது. தொண்ணூற்றெட்டாம் வருடம், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. யாருடைய முடி என்று நான் கேட்கவில்லை. ஒன்றரை மாதமாக யாரிடமும் கேட்க முடியாமல் நான் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்த கேள்விக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதினி என் கணவரின் அக்கா. என்னைவிட எட்டு வயது பெரியவர். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் வேறொருத்தியோடு போய்விட, அனுமந்தன்பட்டியில் தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்டவர். தோட்டம் முழுக்க அவர் பொறுப்பு. வாய் சற்றுக் கூர்மை. சின்னமனூரிலிருந்து நான் அந்த வீட்டுக்கு வாழப்போனபோது, “மாமியாகூடப் பரவாயில்ல, அந்த மதினிகாரிகிட்ட மட்டும் பாத்து நடந்துக்க” என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். இரண்டு வருடம் நானும் பார்த்துத்தான் நடந்தேன்.

என் முதல் பிரசவம் பத்தாம் மாதத்தில் கெட்டது. மயக்க மருந்து கொடுத்து வயிற்றைக் கிழித்தார்கள். நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் பிள்ளை என்று மட்டும் சொன்னார்கள். பார்த்தால் மனதை விட்டுப் போகாது என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்து, எனக்குக் காட்டாமலேயே கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். பிரியத்தில் செய்ததுதான். ஆனால் முகம் தெரியாத ஒன்றை எப்படி நினைப்பது, எப்படி மறப்பது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா என்னைச் சின்னமனூருக்குக் கூட்டி வந்தாள். தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகள் பெட்டியிலிருந்து காணாமல் போயின. பக்கத்து வீட்டுக்காரி தன் கைப்பிள்ளையோடு எங்கள் வாசலைக் கடக்க மாட்டாள். பின்சந்து வழியாகப் போவாள். இதெதுவும் தெரியாமல் எனக்குப் பால் சுரந்தது. ரவிக்கை நனைந்து நிற்பேன். பால் வற்றுவதற்காக அம்மா மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுகக் கட்டிவிட்டு, “அத நெனைக்காத ஆத்தா, அடுத்தது பொறக்கும்” என்பாள். பூ வாடும், எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பூ வைப்பாள். நான் சாப்பிடுவதை விட்டேன். ஞாயிறுதோறும் என் கணவர் வந்து, எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு ஞாயிறன்று, இனி நான் அந்த ஊருக்கு வரப்போவதில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாளே பஸ் ஏறி மதினி தனியாக வந்தார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, “அத்த, பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். பழம் வெட்டு நடக்குது, ஆளு பத்தல” என்றார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். “பச்ச ஒடம்புக்காரிய வேலைக்குக் கூப்புட வந்தீகளா?”

“உக்காந்து செய்ற வேலதான். இங்கன சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு அங்கன பழத்தப் பாக்கட்டும்.”

ஏன் கிளம்பினேன் என்று இன்றுவரை தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்க்காத முகம் அந்த ஒன்றரை மாதத்தில் அது ஒன்றுதான்.

“நீங்க பாத்தீகளா மதினி?” என்று அந்தக் காலையில் பந்தலுக்கடியில் கேட்டேன்.

“நாந்தான கையில வாங்குனேன். ஒன் நெத்தி. மூக்கு எங்க ஆளுக மாதிரி, கொஞ்சம் சப்ப. வலது காது மடல்ல சின்னதா ஒரு மடிப்பு. வெரலு நீளம் நீளமா இருந்துச்சு. தூங்குற மாதிரிதான் இருந்தா.” எந்தப் புளியமரத்துக்கு எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். நான் வாய்விட்டு அழுதேன். அவர் தேற்றவில்லை. “அழு. பழம் எங்கயும் ஓடிராது” என்று சொல்லி, என் பங்குக் கொத்துகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அழுது ஓய்ந்தபின், இவ்வளவையும் எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கத்தரி நின்றது.

“எனக்கும் ஒண்ணு இப்பிடிப் போச்சு. எம் மாமியாதான் வாங்கிட்டுப் போனாக. அவுகளும் போய்ச் சேந்துட்டாக. எப்பிடி இருந்துச்சுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. அதான், நீ என்னைக்காச்சும் கேப்பன்னு பாத்து வச்சேன்.”

அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம் என் கணவரிடம் அந்தக் காது மடிப்பைப் பற்றிச் சொன்னேன். துணிப்பொட்டலத்தைச் சுமந்துபோன அவரும் முகத்தைத் திறந்து பார்த்திருக்கவில்லை. அதன்பின் நாங்கள் இருவரும் பேச ஆரம்பித்தோம். இரண்டாயிரத்தில் மகன் பிறந்தான். மதினி மடியில்தான் வளர்ந்தான்.

ஆனால் மதினிக்கு அவர் பிள்ளையின் முகத்தைச் சொல்ல ஆளில்லை என்பது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்குப் பிரசவம் பார்த்த நர்சம்மாவைப் பற்றித் தேனிப் பக்கம் போகும்போதெல்லாம் விசாரிப்பேன். இரண்டாயிரத்து ஏழில், அவர் ஓய்வு பெற்று அல்லிநகரத்தில் மகள் வீட்டில் இருப்பது தெரிந்தது. மதினியிடம் சொன்னேன். “போடி வேலயத்தவளே” என்று எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, சலவைச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

நர்சம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். மதினி சொன்ன வருடத்தையும் மாதத்தையும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

“பொய் சொல்ல மாட்டேன்மா. எத்தனையோ பிள்ளைக. ஒம் பிள்ள மொகம் எனக்கு நெனவுல இல்ல.”

மதினி எழப்போனார். நர்சம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“ஆனா ஒண்ணு கேட்டுக்க. உசுரோட வந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, வெந்நீருல தொடச்சு வெள்ளத்துணியில சுத்தாம ஒரு பிள்ளையையும் நான் கைமாத்திவிட்டதில்ல. ஒம் பிள்ளையையும் அப்பிடித்தான் குடுத்திருப்பேன்.”

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மதினி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீண் அலைச்சல் கொடுத்துவிட்டேனோ என்று நான் குமைந்துகொண்டிருந்தேன். வீரபாண்டி தாண்டி, இரண்டு பக்கமும் நெல் வயல் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

“தொடச்சுத்தான் குடுத்திருக்காக” என்றார்.

“ஆமா மதினி.”

“வெந்நீருல.”

பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எங்கள் ஊர் வரும்வரை நான் அசையவில்லை.