நண்டு அக்காவுக்காக அரசாங்கம் செய்தது

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்டால் கௌரவக் குறைவு. ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பியது இது: எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஓர் அக்கா மனம் உடைந்து உட்கார்ந்ததைப் பார்த்து, இந்திய அரசாங்கம் நாட்டிலிருந்த எல்லாத் துப்பாக்கிகளையும் திரும்ப வாங்கிக்கொண்டது. என்னுடையது உட்பட.

விவரம் தெரிந்தபின் இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். சமீபத்தில் டிவியில் ஒரு செய்தி. எங்கோ ஓர் ஊரில் யூதர்கள் கூடியிருந்த இடத்தில் புகுந்து சுட்டிருக்கிறார்கள். மறுநாள் அந்த ஊர் ஜனங்கள் மதம் பார்க்காமல் பூவும் மெழுகுவத்தியுமாக வந்து நிற்கிறார்கள். அதற்கு மறுநாள், துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கலாமா கூடாதா என்று கோட்டு போட்டவர்கள் கத்திக்கொள்கிறார்கள். "இவுங்க எதுக்குப்பா சண்ட போடுறாங்க?" என்று என் மகள் கேட்டாள். "இந்தச் சண்ட நம்ம சிதம்பரம் வீட்டு மாடியிலயே நடந்துச்சி" என்றேன். நம்பவில்லை. நான் சொல்வதை அவள் நம்பி ரொம்ப நாளாகிறது.

சிதம்பரத்தில் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. மாடியில் ஒரே ஓர் அறை. அதில் குடியிருந்தவர், பிச்சாவரத்துச் சேற்றில் நண்டு எண்ணுவதற்காக வெளிநாட்டிலிருந்து வந்தவர். விளையாட்டில்லை, அவர் படிப்பே அதுதான். முழங்கால் ஆழச் சேற்றில் நின்றுகொண்டு, ஆண் நண்டு எத்தனை, பெண் நண்டு எத்தனை என்று நோட்டில் எழுதுவார். தெருவுக்கே அவர் நண்டு அக்கா. இதில் பெரிய வேடிக்கை, அவர் நண்டு சாப்பிட மாட்டார். கிள்ளையிலிருந்து கூடையோடு வரும் மீன்கார அக்காவால் இதைத் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை.

"ஏம்மா, நாளெல்லாம் அதுங்களோடவே கெடக்குற. ஒரு நாளு கொழம்பு வச்சித்தான் பாரேன்."

"எங்க சாமி திட்டும்க்கா."

"நண்டத் துன்னக் கூடாதுன்ற சாமி எதும்மா?"

"யூதங்க சாமி."

எங்கள் தெருவுக்கு யூதர் என்ற சொல் இப்படித்தான் வந்து சேர்ந்தது. நண்டு தின்னாதவர்கள் என்று பொருள். எனக்கு அவர்கள்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

அக்கா தமிழ் கற்றது கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில், படகுக்காரர்களிடம். ஆகவே அவர் தமிழில் 'வாங்க போங்க' கிடையாது. என் அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அவர் முறைத்தால் டிரைவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுப்பார்கள். அப்படிப்பட்டவரைப் பார்த்துத் தினமும் காலையில், மலர்ந்த முகத்தோடு, "இன்னா சார், துன்னியா?" என்பார் அக்கா. முதல் வாரம் அப்பா திகைத்தார். இரண்டாம் வாரம், "துன்னேம்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கேள்வி வரவில்லை. அக்கா தன் சின்ன ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் அவர் ஊரில், யூதர்களின் பிரார்த்தனைக் கூடத்துக்குள் ஒருவன் நுழைந்து, கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறான். சனிக்கிழமை தவறாமல் அங்கே போகிறவர் அக்காவின் அண்ணன். அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. தெருமுனை எஸ்டிடி பூத்தில் இரண்டு மணி நேரம் நம்பரைச் சுழற்றியதில் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டு அம்மாள்தான் கிடைத்தாராம். ஆஸ்பத்திரிகளில் விசாரித்துவிட்டு இதே நம்பருக்குக் கூப்பிடுகிறேன் என்றாராம்.

கீழே எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் பெரிய குழப்பம்.

"துக்கம் விசாரிக்கிற மாரி போய் ஒக்காந்தா, இல்லாத சாவ நாமளே இட்டுக்கினு போன மாரி ஆயிடும்" என்றார் அம்மா. "போவாம இருந்தா நாம மனுசங்களா?"

யோசித்துப் பார்த்துவிட்டு அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு படியேறினார். "கொஞ்சம் உப்பு இருக்குமாம்மா? தீந்துபோச்சி." கொடுத்ததும் கீழே இறங்கவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவ்வளவுதான், தெருவுக்கு வழி கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை கிண்ணத்தோடு வந்தார். அவருக்கும் உப்புதான். எதிர்வீட்டு பாய் ஊசி கேட்டு வந்தார். அவர் தையல்கடை வைத்திருந்தவர். பூத்காரர் பேனா கேட்டார், சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு. மீன்கார அக்கா, கூடையில் ஒரு மூட்டைக் கல்லுப்பை வைத்துக்கொண்டு, "ஒரு கை உப்பு குடும்மா" என்றார். மூன்றாவது ஆளுக்கு உப்பைக் கொடுத்தபோது அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது போல. "இன்னாயா, தெருவுக்கே உப்பு இல்லியா?" என்று அழுதுகொண்டே சிரித்தார். மத்தியானத்துக்குள் அவர் உப்பு ஜாடி காலி. வந்த ஒருவரும் திரும்பிப் போகவில்லை. மாடி கொள்ளாமல் படியிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அடுத்த தெருவில் வீடு, குமராட்சியில் கொள்ளிடக்கரை ஓரமாக நிலம். நெல் அறுத்ததும் உளுந்து போடுவார். உளுந்துக்குப் பன்றி வரும், பன்றிக்காக லைசென்ஸ் துப்பாக்கி. அவருக்கு அது உயிர். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் போட்டு விபூதி வைப்பார். இத்தனை வருஷத்தில் அதனால் காயமடைந்தது ஒரு பம்ப்செட் கொட்டகை மட்டும். அவர் தீப்பெட்டி கேட்கும் சாக்கில், சாயங்காலப் பேப்பரோடு வந்திருந்தார். அதில் அந்தச் செய்தி இருந்தது. துப்பாக்கிகளை எல்லாம் அரசாங்கம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அந்த நாட்டு ஜனங்கள் கேட்கிறார்களாம். மாமா கொதித்துப்போனார்.

"அதெப்படி? எவனோ ஒருத்தன் செஞ்சதுக்கு வெவசாயி எல்லாம் துப்பாக்கியக் குடுத்துட்டு நிக்கணுமா? பன்னி வந்தா கையத் தட்டியா வெரட்டுறது?" என்று அப்பாவைக் கேட்டார்.

"நீ துப்பாக்கி வச்சிக்கினே கையத்தானே தட்டுற மச்சான்" என்றார் அப்பா.

மாடியே சிரித்தது. அக்காவும் சிரித்தார்.

"சிரிங்க, சிரிங்க. லைசென்ஸ் எடுத்தவன் எவனும் இந்தக் காரியம் செய்ய மாட்டான். கடலூர் கலெக்டர் ஆபீஸுக்கு எத்தினி நடை நடந்திருப்பேன்? இது கள்ளத் துப்பாக்கிக்காரன் வேலை."

"அவன்கிட்ட லைசென்ஸ் இருந்துச்சிண்ணா" என்றார் அக்கா. "ரேடியோல சொன்னான். வெள்ளாமைய முயலு துன்னுதுன்னு எழுதிக் குடுத்து வாங்கிக்கீறான்."

மாமா பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார்.

அப்போதுதான் நான் கேட்டேன், "எதுக்குக்கா சுட்டான்?"

"நாங்க யூதங்கன்னு."

"வேற எதுக்கு?"

"வேற இல்லடா."

அம்மா என் தொடையில் கிள்ளினார். எனக்கோ வேறு கவலை. நண்டு தின்னாததற்கு ஆளையே சுடுவார்கள் என்றால், நான் தின்னாத பதார்த்தங்களின் பட்டியல் என்னாவது? அன்று சாப்பாட்டில் பாகற்காயை மறுபேச்சில்லாமல் இரண்டு தடவை வாங்கித் தின்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, மாமா தன் துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு போனார்.

"எங்க மாமா?"

"டேசனுக்குடா. எல்லாத்தையும் ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க. வச்சிருந்தா கேஸு."

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் கொடுத்துவைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். வழக்கமான ஏற்பாடு. தெருவில் காலை முதல் கட்சி ஜீப்புகள் கத்திக்கொண்டுதான் இருந்தன. என் மண்டையில் இரண்டையும் முடிச்சுப்போட ஆளில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், நேற்று மாடியில் அக்கா அழுதார், இன்று அரசாங்கம் துப்பாக்கியைப் பிடுங்குகிறது. என்ன வேகம் என்று வியந்தேன். அடுத்த நொடியே என் தீபாவளித் துப்பாக்கி ஞாபகம் வந்தது. தகரத் துப்பாக்கி, சிவப்புப் பிடி, பதுக்கி வைத்த பொட்டு கேப் ஒரு சுருள்.

உடனே எனக்கு வயிற்றுவலி வந்தது. அது எனக்கு நினைத்தால் வரும். பள்ளிக்கூடம் ரத்து. துப்பாக்கியை முதலில் அரிசி டிரம்மில் புதைத்தேன். அம்மா உழக்கோடு வந்தார், எடுத்துக்கொண்டு ஓடினேன். பிறகு அப்பாவின் டிப்போ பையில் செருகினேன். ஆனால் அப்பாவைக் கம்பிக்குப் பின்னால் கற்பனை செய்து பார்த்ததில், சிதம்பரத்திலிருந்து ஒரு பஸ்ஸும் நேரத்துக்குக் கிளம்பாது என்று தோன்றியது. திரும்ப எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் எங்கள் தெருவுக்குள் திரும்பினார். டீக்குத்தான். நான் அதற்குமேல் தாங்கவில்லை. துப்பாக்கியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு சரணடையக் கிளம்பினேன்.

ஸ்டேஷன் வராந்தாவில் குமராட்சிப் பக்கத்து விவசாயிகள், வேட்டியிலும் சாக்கிலும் சுற்றிய துப்பாக்கிகளோடு ரேஷன் கடை வரிசை போல நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாமாவைத் தாண்டிப் போய், என்னுடையதை இரண்டு கையாலும் ஏட்டு மேஜைமேல் வைத்தேன்.

ஏட்டு அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "லைசென்ஸு?"

"இல்ல சார்."

"ரவுண்டு எத்தினி?"

"ஒரு சுருளு சார். பாதி நமுத்துப்போச்சி."

"யாரையாச்சும் சுட்டிருக்கியா?"

பொய் சொன்னால் தண்டனை ஜாஸ்தி என்று கேள்விப்பட்டிருந்தேன். "அத்தையச் சுட்டேன் சார். குனிஞ்சி கோலம் போட்டுக்கினு இருந்தாங்க."

"செத்துட்டாங்களா?"

"இல்ல சார். அடிச்சாங்க."

வராந்தா முழுக்கச் சிரித்தது. நான் ஓவென்று அழுதேன். "எடுத்துக்கினு ஓடுடா" என்றார் ஏட்டு. "வேணாம் சார், நீங்களே வச்சிக்கங்க" என்றேன். காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க அதைத் தூக்கி ரிஜிஸ்தர்மேல் வைத்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. தன் முறை வந்ததும், வேட்டியைக்கூடப் பிரிக்காமல் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

மாமா மொபெட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்துத் திரும்பியபோது, தெருமுனை பூத்தில் கூட்டம். போன் வந்துவிட்டது. ஓர் ஆள் நிற்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் அக்கா, அம்மா, மீன்கார அக்கா மூவரும் பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். சரியாக அதே நேரத்தில் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கட்சி ஜீப்புகள் ஓட்டுக் கேட்டுக்கொண்டு வந்தன. எதிர்வீட்டு பாய் தோளில் இருந்த டேப்பை உருவி இரண்டு கையிலும் பிடித்து ஒரு ஜீப்பை மறித்தார். அப்பா இன்னொன்றை மறித்து, டிப்போவில் முறைப்பதுபோல் முறைத்தார். மைக் இரண்டும் அணைந்தன. விஷயம் கேட்டு, கரை வேட்டிகள் இரண்டு தரப்பும் இறங்கி எங்களோடு நின்றன.

அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே தலையை நீட்டினார்.

"கீறான்" என்றார். "காலுல குண்டு. ஆனா உசுரோட கீறான்."

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. இரண்டு கட்சிக்காரர்களும், தங்கள் ஆளே ஜெயித்துவிட்டதுபோல், பட்டாசு கொளுத்தினார்கள். அத்தை கேசரி கிளறினார். சாயங்காலம், உப்பு வாங்கியவர்கள் எல்லாரும் திருப்பிக் கொடுக்க மாடியேறினார்கள், ஒவ்வொருவரும் குவித்து. ஒரு வருஷத்துக்குக் காணும் உப்பு சேர்ந்துவிட்டது. நடுவில் அக்கா என்னைக் கூப்பிட்டு, அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா ஒருவர் இல்லாமல் போய்விட்டதாகச் சொல்லி, ஒரு மெழுகுவத்தி வாங்கி வரச் சொன்னார். நான் போய் வாங்கிவந்தேன். அம்மா அதை ஏற்ற இடம் ஒழித்துக் கொடுத்தார். அதற்கு அருகில் மாமா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கேசரி வாய்க்குப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து அவர் தட்டில் இருந்ததையும் நான் தின்றேன்.

நண்டுகளை எண்ணி முடித்து அக்கா ஊருக்குப் போனார். மாமா வீட்டுச் சுவரில் துப்பாக்கி மாட்டியிருந்த இடத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. அந்த மாசியிலிருந்து உளுந்துக்கு வரும் பன்றிகளை, தகர டின்னைத் தட்டித்தான் அவர் விரட்டினார். "துப்பாக்கி எங்க மாமா?" என்று கேட்டேன். "கவர்மெண்டு குடுக்கலடா" என்றார். அரசாங்கம் சொன்ன சொல் தவறவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில்கூடச் சொன்னேன்.

இருபது வருஷம் கழித்து, அப்பா சொல்லித்தான் தெரியும். ஓட்டு எண்ணி முடித்த மறுவாரமே குமராட்சிப் பக்கத்தில் எல்லாருக்கும் துப்பாக்கி திரும்ப வந்துவிட்டது. மாமா மட்டும் வாங்கப் போகவில்லை. அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடலூர் போய், லைசென்ஸ் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.