ஐஸ் கேட்காத மீன்கள்

மீன்கடை உத்தியோகத்தில் ஒரே ஒரு சௌகரியம், டிராம் வண்டியில் நமக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். என்னைப் போல அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூன் க்யிம்யிண்டைங் சந்தையில், ராவுத்தர் கடையில் ஐஸ் உடைப்பது என் வேலை.

ஜமுக்காளம் யாருக்கு

உல்லம், கொடுவாய் மாதிரி விலை கூடின மீன் வந்தால் ராவுத்தர் தம் கையாலேயே ஐஸ் பரப்பிப் படுக்க வைப்பார். ஆற்றுக்கு அக்கரை டாலா வயல்களிலிருந்து படகில் வரும் பனையேறிக் கெண்டைக்கும் விராலுக்கும் ஈரச் சாக்குதான். இடமும் சாக்கடை ஓரம். கூலிக்காரர்கள் வாங்கும் சேற்று மீன் என்று அவருக்கு அவ்வளவு இளப்பம். வெயில் கொளுத்துகிறதே, அவற்றுக்கும் ஒரு பிடி போடட்டுமா என்று கேட்டேன்.

“மாப்பிள்ளைக்கு விரிக்கிற ஜமுக்காளத்தை வண்டிக்காரனுக்கா விரிப்பே, தம்பி?”

வழிவிடுங்கள்

ஒரு மழைக்காலத்துக் காலையில் கடையைத் திறந்தால் சாக்கு அவிழ்ந்து கிடந்தது. ஐஸில் படுத்திருந்த உல்லங்களின் கண் வெளுத்துப் போயிருந்தது. தண்ணீருக்கு வெளியிலும் மூச்சுவிடும் அந்தக் கெண்டைகளோ செவுள் மூடியைத் தரையில் ஊன்றி ஊன்றி, ஈரத்தில் நகர்ந்து ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஆறு எந்தப் பக்கம் என்று யார் சொன்னார்களோ! ஒன்று படித்துறை வரைக்கும் போய்விட்டது. பிடிக்க வேண்டியவன் ஒதுங்கி வழிவிட்டு நின்றேன். தராசு பிடிக்கும் சின்னையாவும் கூடையோடு அப்படியே நின்றான்.

“பிடிக்கிறதா, கும்பிடுறதான்னு சொல்லுங்கண்ணே. எனக்குக் கை வரமாட்டேங்குது.”

மா டின்னின் கூடை

எதிரே சுருட்டுக்கடை வைத்திருந்த மா டின்னின் குழந்தைக்கு விடாத காய்ச்சல். கோடையில் குளம் வற்றும்போது மீன்களை உயிரோடு வாங்கி ஆற்றில் விடுவது பர்மாக்காரர்களுக்குப் பெரிய புண்ணியம். குழந்தைக்காக மா டின் நேர்ந்துகொண்டு, ஒரு கூடை கெண்டை கேட்டிருந்தாள். சேற்று மீனானாலும் குழந்தையின் பேரில் போகிற மீன் என்று ராவுத்தர் மனம் இளகிவிட்டார். அவருக்குத் தெரிந்த பெரிய மரியாதையைச் செய்தார். நான் அந்தப் பக்கம் போயிருந்த நேரத்தில், கூடை நிறைய ஐஸைக் கொட்டிவிட்டார்.

மா டின் வந்து கையை விட்டுப் பார்த்தாள். எல்லாம் விறகு மாதிரி விறைத்துக் கிடந்தன. அவள் திட்டவில்லை. குழந்தையின் பேரால் இத்தனை உயிர் போய்விட்டதே என்று அவள் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ராவுத்தர் கூடையைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்கு ஓடினார். கைலியோடு முழங்கால் ஆழத்தில் இறங்கி, வெதுவெதுப்பான ஆற்றுத் தண்ணீரில் கூடையை அமிழ்த்திப் பிடித்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு செவுள் மெல்லத் திறந்தது. ஒரு வால் அசைந்தது. அப்புறம் கூடை முழுக்கக் கொதித்தது பாருங்கள், ராவுத்தர் தாடியெல்லாம் சேறு! ஒவ்வொன்றாக ஆற்றில் இறங்கிப் போக, அவர் இரண்டு கையையும் ஏந்தியபடி நின்றார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். மா டின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த சந்தைத் தமிழில் சொன்னாள்:

“முதலாளி, இவங்களுக்கு உங்க மரியாதை வேணாம். தண்ணி போதும்.”

குழந்தையின் காய்ச்சல் இறங்கியது தம் மருந்தால்தான் என்று வைத்தியர் கடைசிவரை சாதித்தார். எங்கள் கடையில் மட்டும் அன்றிலிருந்து ஐஸ் என்பது செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகிவிட்டது.