பாட்டுப் படிக்க ஒரு டேப்லெட்

எனக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால் யாரிடமும் போய் யோசனை கேட்கிற வழக்கம் கிடையாது. மிக்சி, கட்டில், மகளின் கல்யாணப் பட்டு எல்லாமே நான் பார்த்து நான் எடுத்தவைதான். ஆனால் டேப்லெட் விஷயத்தில் மட்டும் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டுத் திரிந்தேன். ஒருவர்கூட வாங்கு என்று சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

தூத்துக்குடியில் எங்கள் கடற்கரை மாதா கோயிலில் இருபத்தேழு வருடமாகப் பூசைக்குப் பாடுகிறேன். முதல் அடியை நான் எடுத்துக் கொடுக்க, பாடகர் குழுப் பிள்ளைகள் தொடருவார்கள். போன வருடம் நேராகப் பார்த்தால் நடுவில் மட்டும் புகை மூட்டியதுபோல் தெரிய ஆரம்பித்தது. கண்ணாடி மாற்றிப் பிரயோசனமில்லை என்றார் டாக்டர். ஊசி போட்டார். "இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாம். எழுத்தைப் பெருசாக்கிப் படிங்க" என்றார். வீட்டுக்கு வந்து, "சும்மா, வயசான கண்ணு" என்று சொல்லிவிட்டேன். பாட்டுகளை என் கையால் எழுதி வைத்திருந்த நோட்டைத் திறந்தால் எறும்பு ஊர்வதுதான் தெரிந்தது. பாதி மனப்பாடத்திலும் பாதி பயத்திலும் பாடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது சரணமும் மூன்றாவது சரணமும் கலந்துபோகும். பாட்டை விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் எதற்கு எழுந்திருக்க வேண்டும்?

ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பாட்டுக்கு மூன்று தாள் வந்தது. கிழக்கிலிருந்து கொண்டல் காற்று அடிக்கிற மாதத்தில் கோயிலின் கடல் பக்கத்து ஜன்னல் வழியாக வந்த காற்றில் எல்லாம் பறந்து, பூசை நடுவே பிள்ளைகள் பெஞ்சுக்கடியில் பொறுக்கினார்கள். போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினால் அரை வரிதான் தெரிந்தது. அப்போதுதான் டேப்லெட் நினைப்பு வந்தது.

சென்னையில் இருக்கும் மகளிடம் போனில் கேட்டேன். "பீரோவுல வச்சுப் பூட்டத்தான் போறீங்க, எதுக்கும்மா?" என்றாள். என் வீட்டுக்காரருக்கு ஃபைபர் வள்ளம் இருக்கிறது, மீன்பிடித் தொழில். அவர், "ஏளா, அம்புட்டு ரூவாய்க்கு ஒரு பாட்டு நோட்டா? எனக்கு ஒரு வலையே வந்துருமே" என்றார். கடைசியில் என் மைனியிடம், அதாவது அவருடைய அக்காவிடம் போனேன். மைனியின் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். அவன் வாங்கிவந்த டேப்லெட் சேலைகளுக்கு நடுவில் உறை பிரிக்காமல் கிடந்தது. "எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது. கொண்டு போ, உபயோகப்பட்டா பொறவு ஒண்ணு வாங்கிக்கோ" என்றார். நல்ல மனசு.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அதில் படம் பிடித்தேன். இரண்டு விரலை வைத்து விரித்தேன். சேசு மரி சூசையே! என் கையெழுத்து, கட்டை விரல் உயரத்துக்கு எழுந்து நின்றது. ஒருபக்கமாகச் சாய்ந்து பார்த்ததில் அழித்து எழுதிய இடம்கூடத் தெரிந்தது. அழுதுவிட்டேன். அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பூசைக்குப் பாட வேண்டியிருந்தது. அதில் வைத்துப் பார்த்துவிடலாம், சரிப்பட்டால் நமக்கென்று ஒன்று வாங்கலாம் என்று முடிவுசெய்தேன்.

கல்யாணத்தன்று நான் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் தன் வேலையைக் காட்டிவிட்டார். வள்ளத்தில் அவர் ஜிபிஎஸ் பெட்டி, வயர்லெஸ், போன், தீப்பெட்டி எல்லாவற்றையும் பாலித்தீன் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டித்தான் வைத்திருப்பார். எங்கள் கடற்கரையில் எல்லாரும் அப்படித்தான். வீட்டில் டிவி ரிமோட்டுக்கும் கவர் உண்டு. மைனியின் டேப்லெட்டுக்கு மரியாதையாக இரண்டு கவர், நான்கு ரப்பர் பேண்ட்.

"உப்புக்காத்து பட்டா துரு ஏறிரும்ளா. அக்கா பொருளு. நாளைக்கு நாம என்ன பதில் சொல்லுதது?" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதுதான் கூத்து.

வருகைப் பாட்டும் காணிக்கைப் பாட்டும் ஒழுங்காகப் போயின. நற்கருணை வாங்கும் நேரம், அடுத்த பாட்டுக்காக விரலால் பக்கத்தைத் தள்ளினேன். வேர்வைக் கை, சுருங்கிய கவர், நகரவே மாட்டேன் என்றது. கோபத்தில் அழுத்தித் தேய்த்தேன். ஒரு பக்கத்துக்குப் பதில் மூன்று பக்கம் ஓடிவிட்டது. நோட்டில் கல்யாணப் பாட்டுகளை அடுத்து அடக்கப் பூசைப் பாட்டுகளை எழுதி வைத்திருந்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எழுத்து தெரிகிறதே என்ற சந்தோஷத்தில், தெரிந்ததை அப்படியே பாடினேன். கல்லறைக்குப் போகிறவரை வழியனுப்புகிற பாட்டின் முதல் அடி, மைக்கில், முழுத் தொண்டையில்.

கீபோர்டு வாசிக்கிற பிள்ளையின் கை அப்படியே நின்றது. மணப்பெண் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பின்னால் நின்ற பிள்ளைகள் சரியான பாட்டைச் சத்தமாக எடுத்துச் சமாளித்தார்கள். நான் மைக்கை விட்டு நகர்ந்துகொண்டேன்.

பந்தியில் மணப்பெண் என்னிடம் வந்து, "என்ன சித்தி, கல்யாணத்தன்னைக்கே அவரை அடக்கம் பண்ணிட்டீங்களே!" என்று சிரித்தாள். தங்கமான பிள்ளை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் என் பக்கமே திரும்பவில்லை. எனக்குப் பிரியாணி இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "நானா கவர் போடச் சொன்னேன்? என் மானமே போச்சு. இனிமே நான் பாடப் போகமாட்டேன். இந்தச் சனியனை மைனிகிட்ட குடுத்துருங்க."

"ஒரு பாட்டு மாறினதுக்கா இம்புட்டு கோவம்? நோட்டைப் பாத்துப் பாடவேண்டியதுதான?"

"நோட்டு தெரிஞ்சா நான் ஏன் இதைத் தூக்கிட்டு அலையுதேன்? நோட்டு தெரியல. நேரா பாத்தா உங்க மூஞ்சியும் தெரியல. மூக்கு இருக்கவேண்டிய இடத்துல புகைதான் இருக்கு, போதுமா?"

சொல்லக் கூடாதென்று இருந்தது வாயில் வந்துவிட்டது. அவர் கவரைக் கழற்றி, ரப்பர் பேண்டுகளைக் கையில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "எப்பலருந்துளா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. என்னை வண்டியில் ஏற்றி பஜாருக்குக் கூட்டிப்போனார். புது டேப்லெட் வாங்கிக்கொண்டுதான் வந்தோம். இப்போதும் ஞாயிறு தவறாமல் அதை வைத்துத்தான் பாடுகிறேன், பிள்ளைகளுக்கும் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன், மனசு நிம்மதியாக இருக்கிறது. ஆனால் கடைக்குள் போனபோது நான் வேண்டாம் என்றுதான் முறைத்துக்கொண்டு நின்றேன். ஊரே சிரித்தபிறகு எந்த முகத்தோடு போய்ப் பாடுவது? இதற்குப் போய் ஒரு வலைக்காசை அழிப்பதா?

கடைக்கார அண்ணாச்சி பொறுமைசாலி. "வாங்காட்டியும் பரவாயில்லக்கா, சும்மா ஒரு படம் எடுத்துப் பாருங்க" என்று கையில் கொடுத்தார். எதிரே வீட்டுக்காரர் நின்றார். அவரையே எடுத்தேன். பழக்கத்தில் இரண்டு விரலால் விரித்தேன்.

முப்பது வருடம் கூடவே வாழ்ந்த புருஷனின் முகத்தை யார் கிட்டப்போய் உற்றுப் பார்க்கிறார்கள்? நான் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மீசை முழுக்க நரைத்துவிட்டது. மூக்கு வெயிலில் தோலுரிந்து கிடந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. ராத்திரி முழுக்க இந்த மனுஷன் தூங்கவில்லை. என் மேல் எனக்கே கோபமும் அவர்மேல் பாசமுமாக வந்தது.

"வேணுமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லுளா. அண்ணாச்சி காத்துக்கிட்டு நிக்காரு" என்று கிட்டே வந்தார்.

"பேசாம நில்லுங்க" என்றேன். "நான் இன்னும் பாத்து முடிக்கல."