ஒற்றைத் தடம்

பழைய இரும்புக் கடையில் அந்த பிக்கப் வண்டி கிடந்த கோலத்தைப் பார்த்தால் பெற்ற கம்பெனிக்கே அடையாளம் தெரிந்திருக்காது. மூக்கு உள்ளே போயிருந்தது. இடப்பக்கக் கதவு இல்லை. சரக்குத் தட்டில் மழைத்தண்ணீர் தேங்கி ஏதோ ஒரு செடி முளைத்து நின்றது. ஆனால் ஸ்டீரிங்கில் பச்சை உறை இருந்தது. அது, வண்டியை வாங்க வந்து நின்றவனுக்கு அவன் மனைவி தைத்துக் கொடுத்த உறை. பதினோரு வருடம் அவன் உள்ளங்கை பட்டுப்பட்டு வழவழத்துப் போனது.

"இது வேணாண்ணே" என்றார் கடைக்காரர். "ராசியில்லாத வண்டி. ரெண்டு பேர் வாங்கிட்டுப் போய்த் திரும்பக் கொண்டாந்து போட்டுட்டாங்க."

"ராசியில்லாத இரும்புன்னா எடையில கொஞ்சம் தள்ளிப் போடுங்க. எனக்கு ராசி வேணாம், இரும்பு மட்டும் போதும்."

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியும் வந்துவிட்டது.

ரொட்டிக் கம்பெனியில் அவனுக்கு 'நிதானம்' என்று பேர். மற்ற ஓட்டுநர்கள் வைத்தது. ரொட்டி நசுங்கக்கூடாது என்று, பள்ளத்தைக் கண்டால் வண்டியை விட்டு இறங்கி அதன் ஆழம் பார்க்கிற ஆள் அவன். பதினோரு வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அவன் வண்டி தொட்டதில்லை. அப்பேர்ப்பட்டவன் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு, நேரான சாலையில், இறக்கத்தின் அடியில் இருந்த சிறுபாலத்தின் இடப்பக்கச் சுவரில் வண்டியைக் கொண்டுபோய் மோதினான். அவனுக்கு நெற்றியில் நாலு தையல். பக்கத்து இருக்கையில் இருந்த சுமை தூக்கும் தோழருக்கு இடது கால் முறிந்தது. ஆள் நெட்டை என்பதால் அவரை எல்லோரும் 'ஒட்டகம்' என்பார்கள். அதற்குப் பிறகு ஒட்டகம் நொண்டியே நடந்தார்.

"ஒரு சிவப்பு சைக்கிள் குறுக்கே வந்துச்சு. பிரேக் அடிச்சேன்" என்றான் நிதானம். சைக்கிள்காரர் நிற்காமல் போய்விட்டார். ஒட்டகம் அந்த நேரத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வேறு சாட்சி இல்லை.

கம்பெனி விசாரணை நடத்தியது. வண்டி கம்பெனியுடையது, பழுது பார்த்த ஷெட் கம்பெனியுடையது, விசாரித்த மூன்று பேரும் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள். இதற்குப் பெயர் விசாரணை என்றால் ஓநாய்கள் கூடிப் பேசுவதையும் நீதிமன்றம் என்று சொல்லலாம். ஒருவர் வண்டியில் ஏறி பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. 'பிரேக் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினார். சாலையில் டயர் தேய்ந்த தடம் ஒன்றே ஒன்று, இடப்பக்கம் மட்டும் இருந்தது. 'பிரேக் அடித்திருந்தால் இரண்டு தடம் இருக்க வேண்டும். ஓட்டுநர் தூங்கி, வண்டி ஓரம் சாய்ந்து, சக்கரம் உராய்ந்திருக்கிறது' என்று அடுத்தவர் எழுதினார். மூன்றாமவர் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே நிதானத்துக்கு வேலை போனது.

வேலை போனதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மூன்று படித்தவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, நடக்காததை நடந்தது என்று சொன்னால், நாளடைவில் அனுபவித்தவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. முதல் வருடம் அவன் ஊர் பூராவும் சைக்கிளைப் பற்றிச் சொன்னான். இரண்டாவது வருடம் மனைவியிடம் மட்டும் சொன்னான். மூன்றாவது வருடம் ஒரு குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது, அந்தச் சைக்கிள் கனவில்தான் வந்ததோ என்று அவனுக்கே தோன்றியது. ஒட்டகம் சந்தை முனையில் சாவி போடும் கடை வைத்திருந்தார். நிதானம் அந்தப் பக்கம் போனால், அரத்தை நிறுத்தாமலே கேட்பார்: "என்ன நிதானம், ராத்திரி நல்ல தூக்கமா?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் நாலாவது வருடம் வண்டியை வாங்கினான். சரக்கு ஏற்றிப் பிழைக்கலாம் என்று வெளியே சொன்னான். மனைவியிடம் மட்டும் வேறு சொன்னான்: "அந்த பிரேக்க நான் ஒரு தடவ மிதிச்சுப் பாக்கணும்."

அவள் வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கிற கடையில் வேலை செய்கிறவள். கையில் ஒழுங்கு ஊறியிருந்தது. வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரைக்கு அடியில் வண்டியை நிறுத்தியதும் அவள் ஒரு சட்டம் போட்டாள்: கழற்றுகிற எதையும் தூக்கிப் போடக்கூடாது. பிஸ்கட் டப்பாக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் துணி நாடாவில் எழுதி ஒட்டினாள். 'பானெட்', 'வலது கதவு', 'டேஷ்போர்டு திருகு'. வாசலில் துடைப்பம் வைக்க இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தம்பி வருவான். அதே ரொட்டிக் கம்பெனியின் ஷெட்டில் மெக்கானிக். வளைந்த அடிச்சட்டத்தை ஜாக்கி வைத்து நிமிர்த்தியவன் அவன்தான். துருப்பிடித்து இறுகிப்போன எஞ்சினைப் பிரித்து மேய்ந்து, ஐந்தாவது மாதத்தில் உறுமவைத்தான். சாப்பிடக் கூப்பிட்டால், "இருக்கட்டும்க்கா" என்று வண்டிக்கு அடியிலிருந்தே குரல் வரும். இப்படி ஒரு மைத்துனன் கிடைத்ததற்கு நிதானம் உள்ளுக்குள் பூரித்துப்போவான்.

"பிரேக்க எப்ப மாப்ள பாக்கலாம்?"

"அது கடைசில மாமா. பழைய பைப்பு எல்லாத்தையும் அறுத்துப் போட்டுட்டுப் புதுசா மாட்டிடுவோம். நீங்க கை வைக்காதீங்க."

இதையே ஏழெட்டு ஞாயிறு சொல்லியிருப்பான்.

ஒரு ஞாயிறு அவன் காய்ச்சல் என்று வரவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் கணவனும் மனைவியும் முன் சக்கரங்களைக் கழற்றினார்கள். வலது சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பின் நட்டை அவள்தான் ஸ்பேனர் போட்டுத் திருகினாள். நட்டு வந்தது. அதோடு, கடலை அளவில் ஓர் இரும்புக் குண்டும் அவள் மடியில் விழுந்தது. 'வலது முன்சக்கரம்' என்று எழுதிய டப்பாவில் போட்டாள். பிறகு இடது பக்கம் போய் அங்கேயும் நட்டைத் திருகினாள். பழுப்பு எண்ணெய் சொட்டியது. வேறொன்றும் விழவில்லை.

"என்னங்க, இந்தப் பக்கக் குண்டு எங்க?"

"எந்தக் குண்டு?"

"அந்தப் பக்கம் இருந்துச்சே. வலதுல ஒண்ணு இருந்தா இடதுலயும் இருக்கணும்ல? ஒரு சீட்டு உறைக்கு ஒரு பக்கம் மட்டும் ஓர நாடா வெச்சுத் தைப்பாங்களா?"

நிதானம் குண்டைக் கையில் வாங்கினான். பேரிங்கில் இருக்கிற குண்டு. பிரேக் பைப்புக்குள் அதற்கு ஒரு வேலையும் கிடையாது, ஒன்றைத் தவிர. ஒரு சக்கரத்தில் எண்ணெய் ஒழுகினால், புது உதிரி வரும்வரை பைப்பின் வாயை ஒரு குண்டு வைத்து அடைத்துவிடுவது ஷெட்டுகளில் நடக்கிற வேலை. மற்ற சக்கரங்கள் பிடிக்கும். பெடலும் கெட்டியாகவே இருக்கும். ஆனால் அழுத்தி மிதித்தால், அடைபட்ட சக்கரம் உருள, எதிர்ப்பக்க முன்சக்கரம் மட்டும் இறுகிப் பிடிக்க, வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இழுத்த பக்கம் மட்டும் தடம் விழும்.

அவனுக்கு ஒன்று நினைவு வந்தது. விபத்துக்கு முந்தின நாள் அவன் விடுப்பு. விபத்து நடந்த அன்று காலை, இரண்டாவது கடை வாசலில் நிறுத்தியபோது வண்டி இலேசாக இடப்பக்கம் சாய்ந்தது. டயரில் காற்றுக் குறைவு என்று நினைத்து, ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டான். பள்ளத்துக்கெல்லாம் இறங்கி ஆழம் பார்க்கிறவன், அன்று அதற்கு மட்டும் இறங்கிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு மைத்துனன் வந்தான். கழற்றிக் கிடந்த சக்கரங்களைப் பார்த்ததுமே அவன் நடை நின்றது. அக்கா டப்பாவை அவன் முன்னால் நீட்டினாள்.

"இது என்னடா?"

அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான்க்கா வெச்சேன்."

சொல்லிவிட்டு அவன் கழற்றிக் கிடந்த சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"முந்துன நாள் சாயங்காலம் ஒழுகுச்சு. 'மூணு நாள்ல சாமான் வந்துடும், காலைல லைனுக்கு வண்டி போயாகணும்'னு மேனேஜர் சொன்னாரு. மாமாகிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன். காலைல நான் வர்றதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு."

"அதுக்கப்புறம்? நாலு வருஷத்துல நாலு வார்த்த பேச வாய் வரலயா?"

"மொதல்ல என் வேலை போயிடும்னு பயம். அப்புறம் மாமா மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு பயம்."

"அதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து வண்டிக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டியா? உனக்குச் சோறு வேற எடுத்து வெச்சேனே!" அவள் டப்பாவை ஓங்கியே விட்டாள். நிதானம் அவள் கையைப் பிடித்தான்.

கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. "மாப்ள, அப்ப நான் தூங்கலயா?"

மைத்துனன் உடைந்துபோனான். "தூங்கியிருந்தா வண்டி நேராப் போயிருக்கும் மாமா. அது இடப்பக்கம் இழுத்ததே நீங்க மிதிச்சதாலதான்."

எந்த ஒற்றைத் தடத்தைக் காட்டி அவனைக் குற்றவாளி ஆக்கினார்களோ, அந்தத் தடம்தான் அவனுடைய சாட்சி. படித்தவர்கள் மூன்று பேர் அதைக் குனிந்து பார்த்தார்கள். ஏன் ஒன்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேள்வி ஷெட்டுக்குப் போயிருக்கும், ஷெட்டிலிருந்து மேனேஜர் அறைக்குப் போயிருக்கும். தூக்கம் என்று எழுதிவிட்டால் எங்கேயும் போகாது. ராசி என்று சொல்வதும் இதே காரியத்துக்குத்தான்: கேள்வியை முளையிலேயே கிள்ளிவிடலாம்.

வேறொருவனாக இருந்தால் குண்டை எடுத்துக்கொண்டு நேரே கம்பெனிக்கு ஓடியிருப்பான். நிதானம் அப்படிச் செய்யவில்லை. "இவன் சொல்றதால மட்டும் நான் நம்பக்கூடாது. பாக்கணும்" என்றான். ஒழுகிய சக்கரத்தைச் சரிசெய்து, பிரேக் முழுவதையும் பூட்டினார்கள். பிறகு அந்தக் குண்டை, அது இருந்த அதே வாயில், வைத்த அதே கையால் வைக்கச் சொன்னான்.

சந்தைக்குப் பின்னால் லாரிகள் திரும்புகிற மண் மைதானம். ஒட்டகத்தைக் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தார்கள். அவர் ஊன்றுகோலோடு ஒரு சிமெண்ட் குழாய் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"என்னப்பா, இன்னொரு காலையும் கேக்குறியா?"

"உக்காந்த எடத்துல இருந்து பாருங்கண்ணே, போதும்."

சைக்கிள் வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வந்து, கோடு கிழித்த இடத்தில் நிதானம் மிதித்தான். வண்டி விருட்டென்று இடப்பக்கம் மூக்கைத் திருப்பியது. தூசி அடங்கியது. மண்ணில் ஆழமாக ஒரு தடம், இடப்பக்கம். வலப்பக்கம் டயர் உருண்டுபோன அடையாளம் மட்டும். மைத்துனன் குண்டை எடுத்துவிட்டு எண்ணெய் ஊற்றிப் பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றினான். இரண்டாம் முறை வண்டி நேராக நின்றது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தடங்கள்.

ஒட்டகம் எழுந்தார். முதல் தடத்தின் ஓரமாகவே நொண்டி நடந்து அதன் முனைவரை போனார். திரும்பி வந்தார். இரண்டாவதன் ஓரமும் நடந்தார். சாவி செதுக்குகிறவருடைய கண் இம்மி விடாது.

"நிதானம்" என்றார். "மறுபடி குண்ட வெக்கச் சொல்லு. இன்னொரு வாட்டி மிதி."

மிதித்தான். மறுபடியும் ஒற்றைத் தடம்.

ஒட்டகம் ஊன்றுகோல் நுனியால் அந்தத் தடத்தைத் தொட்டுப் பார்த்தார். "அன்னிக்கு நான் தூங்கிட்டேன்யா" என்றார். "வண்டில தூங்குன ஒரே ஆள் நான்தான். நாலு வருஷமா உன்னக் கேட்டுட்டு இருந்திருக்கேன்."

அவன் மனைவி வண்டியின் பானெட் மேல் ஒரு தாளை விரித்துத் தம்பியிடம் பேனாவைக் கொடுத்தாள். அவன் செய்ததையும், யார் செய்யச் சொன்னார் என்பதையும், அவன் மறைத்ததையும் எழுதினான். எழுதியதால் அவன் வேலை போகலாம். மேனேஜர் இப்போது இன்னும் பெரிய அறையில் இருக்கிறார். தொழிலாளர் கோர்ட்டு இத்தனை வருடம் கழித்துக் கேட்குமா என்பதும் தெரியாது. அக்கா முழுவதையும் படித்துப் பார்த்தாள்.

"தேதி போடு" என்றாள். "உனக்குச் சோறு போடறதப் பத்தி அப்புறம் யோசிக்கிறேன்."

சாட்சிக் கையெழுத்தை ஒட்டகம் போட்டார். போட்டுவிட்டு, வெயிலில் சந்தைவரை திரும்ப நடக்க வேண்டிய தூரத்தைப் பார்த்தார். புதுக் கதவைத் திறந்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"மொதல்ல அந்தக் குண்ட எடுங்கப்பா" என்றார். "அப்புறம் கடையில விட்டுடு. நான் முழிச்சுட்டே வரேன்."