நான்கும் ஒரே சைஸ்

1. முதலாளி ஊருக்குப் போன திங்கட்கிழமை

டயர் கடைக் கவுண்டரில் புதிதாக உட்காருகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன். பயன்படாது என்றும் தோன்றுகிறது. உங்கள் கடைக்கு இப்படி ஒரு கார் வராமலே போகலாம். எங்கள் கடைக்கும் ஒருமுறைதான் வந்தது.

நான் கணிதம் படித்தவள். மகள் பிறந்து நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, அவளை எல்.கே.ஜி.யில் சேர்த்த கையோடு அருப்புக்கோட்டையில் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்டாக் பார்ப்பது, மதுரை டீலரிடம் ஆர்டர் சொல்வது, பில் போடுவது என் வேலை. வருவதெல்லாம் மினி பஸ், லோடு வண்டி, டிராக்டர், வாடகைக் கார். கவுண்டருக்குப் பின்னால் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு போர்டு உண்டு: 'காருக்கு நான்கு டயரும் ஒரே சைஸ். கலந்து மாட்டித் தரமாட்டோம்.' முதல் நாள் முதலாளி என்னை அதன் முன்னால் நிறுத்தி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். நான் மூன்று தடவை வாசித்தேன்.

மூன்றாவது மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, தன் மகளின் பிரசவத்துக்காக முதலாளி கோயம்புத்தூர் கிளம்பினார்.

"ஒரு வாரந்தாம்மா. கவுண்டர நீ பாத்துக்க. ஒழுங்கா பாத்தின்னா இனிமே ஆர்டர் பூராம் ஒம் பொறுப்பு. சொதப்புனா பழையபடி நானே பாத்துக்கிறேன், நீ பில்லு மட்டும் போடு."

அவர் பஸ் ஏறி அரை மணி நேரம் ஆகியிருக்காது. அந்தக் கார் வந்தது.

மஞ்சள் நிறம், இரண்டே கதவு, தரையை ஒட்டிய உயரம். எங்கள் கடை வாசலில் சாக்கடை மேல் போட்டிருக்கும் சிலாப்பில் அதன் முன்பம்பர் தட்டியது. ஃபிட்டர் மாரியப்பன் அண்ணன் இரண்டு பலகையைக் கொண்டுவந்து போட்டு, பிரசவ வலி எடுத்தவளை ஆட்டோவில் ஏற்றுவது போல அதை உள்ளே ஏற்றினார். மாரியப்பன் அண்ணனுக்கு எம்.ரெட்டியபட்டி. இருபது வருடமாக டயர் மாட்டுகிறார். நான் எதையும் இரண்டு தடவை கேட்பதால் எனக்கு 'டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்.

காரிலிருந்து இறங்கியவர் கமால் பாய். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். பதினான்கு வருடம் துபாயில் ஒரு பணக்கார வீட்டில் டிரைவர். அங்கே தினமும் துடைத்து ஓட்டிய அதே மாடலை, ஊர் திரும்பியதும் கொச்சியில் பழையதாக வாங்கியிருந்தார்.

"தங்கச்சி, ஞாயித்துக்கிழம தம்பிக்கு நிக்காஹ். மாப்பிள்ள இதுலதான் வாரான். நாலு டயரும் மாத்தணும்."

குனிந்து பார்த்தேன். பின் டயர்களின் உள்விளிம்பில் ரப்பர் தேய்ந்து கம்பி தெரிந்தது. இதில் ஒரு கல்யாண மாப்பிள்ளை உட்கார்ந்து வந்திருக்க வேண்டியது.

"பாய், வண்டிய இங்கயே விட்டுருங்க. இந்த டயரோட ஊருக்குப் போகக் கூடாது."

"பஸ்ஸுலயா போகச் சொல்றீங்க?"

"பஸ்ஸுலதான்."

பாய் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியைக் கவுண்டரில் வைத்தார்.

2. எந்த மழையைச் சொல்றீங்க

மதுரை டீலரிடம் விசாரித்ததில், இந்தக் காருக்கு இரண்டு வகை டயர் உண்டு என்றார்கள். ஒன்று ரேஸ் மைதானத்துக்கென்றே செய்தது. ரப்பர் மிருது, பிடிப்பு அதிகம், ரோட்டில் படுகிற பட்டன் கிட்டத்தட்ட வழுவழு. மற்றது ரோட்டுக்கானது. பிடிப்பு கொஞ்சம் குறைவு, தண்ணீர் வடிய ஆழமான கோடுகள் உண்டு, ஆயுளும் கூடுதல். இரண்டிலும் 'ஒய்' என்ற எழுத்து இருந்தது. முந்நூறு கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்று அர்த்தம்.

பாய்க்கு முதல் டயர்தான் வேண்டும். செல்போனில் வீடியோ பார்த்து முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். எனக்கோ கேள்வி கேட்காமல் எதையும் எழுதக் கை வராது.

"எந்த ரோட்டுல ஓட்டுவீங்க பாய்?"

"அருப்புக்கோட்டை, திருச்சுழி. எப்பயாச்சும் மதுரை."

"என்ன வேகம்?"

"ஸ்பீடு பிரேக்கர் இல்லாத எடத்துலயா?"

"அப்படி எடம் எங்க இருக்கு?" என்றார் மாரியப்பன் அண்ணன்.

"சரி, ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துல என்ன வேகம்?"

பாய் யோசித்தார். "முன்னால பேண்டு செட்டு நடந்து போகும். அது பின்னால."

"மழையில ஓட்டுவீங்களா?"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்த மழையச் சொல்றீங்க தங்கச்சி?" என்று பாய் அக்கறையாகவே கேட்டார்.

மழை இல்லாத ஊர் என்பதால்தான் கேட்டேன். மாதக்கணக்கில் ரோட்டில் புழுதியும் ஆயிலும் படிந்து கிடக்கும். முதல் தூறல் விழுந்ததும் அது குழம்பாகிவிடும். அன்றைக்குத்தான் வண்டிகள் வழுக்கும். வழுவழு டயர் போட்ட கார் அதில் எருமை நடப்பது போல எங்கே வேண்டுமானாலும் போகும். இதைச் சொன்னேன்.

"துபாய்லயும் மொத மழையில எங்க மொதலாளி வண்டிய எடுக்க விடமாட்டாரு. ஏன்னு இன்னைக்குத்தான் தெரியுது. ரோட்டு டயரே போடுங்க."

மூன்று மாதத்தில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளரை நான் மனம் மாற்றியிருந்தேன். அந்தச் சந்தோஷம்தான் அடுத்த தப்புக்குக் காரணம்.

3. என் வாழ்க்கையில் நான் உறுதியாகப் பேசிய ஒரே நாள்

பாய் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் பழைய டயரின் பக்கவாட்டில் சைஸைக் குறித்தேன்; முதல் எண்தான் மில்லிமீட்டரில் அகலம். முன்னால் 235/40, ரிம் 18. பின்னால் போனால் 265/35, ரிம் 18. என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மேசை டிராயரில் மகள் விட்டுப்போயிருந்த ஸ்கேலை வைத்து அளந்தும் பார்த்தேன். பின் டயர் உண்மையாகவே அகலம்.

முதலாளிக்குப் போன் போட்டேன். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

"சார், ஒரு கார்ல முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி ஒரு சைஸ் இருக்கு."

"மாட்டுனவன் ஏமாத்தியிருக்கான். கெடச்சத மாட்டி விட்டுருக்கான். போர்டப் படிச்சேல்ல?"

"படிச்சேன் சார்."

"அப்பறம் என்ன?" வைத்துவிட்டார்.

போர்டு சொன்னது ஒரே சைஸ். எந்த சைஸ் என்று போர்டு சொல்லவில்லை. அதை நானே தீர்மானித்தேன். பிள்ளைக்குத் துணி எடுத்தாலும் யூனிபார்ம் எடுத்தாலும் ஒரு சைஸ் கூடத்தான் எடுப்பேன். சிறிதாகிப் போனால் ஒன்றும் செய்ய முடியாது, பெரிதாக இருந்தால் மடித்துத் தைக்கலாம். அந்தக் கணக்கில், நான்கும் 265 என்று டீலருக்கு ஆர்டர் சொன்னேன். சென்னை குடோனிலிருந்து வர வேண்டும். ஸ்பெஷல் ஆர்டர், திரும்ப எடுக்கமாட்டார்கள் என்று டீலர் கடை கிளார்க் சொன்னார்.

"பரவாயில்ல, போடுங்க" என்றேன்.

மணி மூன்றரைக்கு ஸ்கூல் ஆட்டோ என் மகளைக் கடையில் இறக்கிவிட்டது. வழக்கம்போல டிராக்டர் டயர் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்தாள். முழங்காலுக்குக் கீழே தொங்கிய யூனிபார்ம் பாவாடை தடுக்கி, ஏறும்போதே ஒருமுறை விழுந்தாள். நான் தூக்கிவிட்டேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மாரியப்பன் அண்ணன் டீ கிளாஸோடு காரின் பின்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"டீச்சர், இதுக்கு ஒரு கலப்பைய மாட்டுனா எங்கூர்க் கரிசல நல்லா உழுகும்."

"ஏண்ணே?"

"முன்னால சிறுசு, பின்னால பெருசு. டிராக்டருக்குப் பின்வீல்தான இழுக்குது, அதான் அது பெருசு. இவனுக்கும் இழுவ பின்னாலதான் போல."

மகள் உட்கார்ந்திருந்த டயரைப் பார்த்தேன். டிராக்டரின் பின் டயர். அதன் பக்கத்தில் முன் டயர், பாதி உயரம். மூன்று மாதமாக இந்த இரண்டையும் நானே ஸ்டாக் புத்தகத்தில் தனித்தனி சைஸாக எழுதிவருகிறேன். ஒருநாளும் அதை ஏமாற்று வேலை என்று நினைத்ததில்லை.

ஓடிப்போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். கதவுத் தூணின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர், மேலே புழுதி. மகளின் கைக்குட்டையால் துடைத்தேன். முன் டயர் 235/40. பின் டயர் 265/35. எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பதுவரை கார் செய்தவர்களே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"அண்ணே, முன்னாடியும் பெருசப் போட்டா என்ன ஆகும்?"

"ஸ்டியரிங் ஒடிக்கிறப்ப மட்கார்டுல ஒரசும். வளைவுல ஒரசுனா சாமிதான் கும்பிடணும். ஏன் கேக்குறீங்க?" என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். "போட்டுட்டீங்களா?"

டீலருக்குப் போன் போட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. நான்கு அகல டயர்கள் எங்கள் கடை மூலையில் வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. இந்தப் பகுதியில் அதை மாட்ட இன்னொரு வண்டி கிடையாது. அதைவிட, மாப்பிள்ளை வளைவில் திரும்புவது தெரிந்தது. ஆறாவது தடவை கிளார்க் எடுத்தார்.

"அந்த ஆர்டர மாத்தணுங்க. முன்னாடி ரெண்டு 235. இன்னும் லோடு ஏறலைல?"

"இப்பத்தான் ஏத்தப் போறாக. இருங்க, சென்னைக்குச் சொல்லிட்டு வாரேன்." இரண்டு நிமிடம் கழித்து வந்தார். "மாத்தியாச்சு. காலைலயே எனக்கு ஒரு டவுட்டு. அந்த மாடலுக்கு முன்ன பின்ன வேற சைஸாச்சேன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

"ஏங்க கேக்கல?"

"நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க."

என்னை அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர். கல்யாணத்துக்குக்கூட நான் "சரின்னு நினைக்கிறேன்" என்றுதான் சொன்னேன்.

4. சந்தனப் பொட்டு

வெள்ளிக்கிழமை டயர்கள் வந்தன. சைஸை நான்கு தடவை பார்த்தேன், ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு ஐந்தாவது தடவை பார்த்தேன். எங்கள் கடையில் எந்தப் புது டயரும் சந்தனம் குங்குமம் வைக்காமல் ரிம்மில் ஏறாது. மாரியப்பன் அண்ணன் நான்கிலும் பெரிய பொட்டாக வைத்துவிட்டு மாட்டினார்.

இந்த டயருக்கு ஒரு பக்கம்தான் வெளியே தெரிய வேண்டும். பக்கவாட்டில் 'அவுட்சைடு' என்று எழுதியிருக்கும். சரிபார்க்க வேண்டியதை எழுதிய லிஸ்ட்டோடு காரைச் சுற்றி வந்தேன். மூன்று சக்கரத்தில் அந்த எழுத்து இருந்தது. நான்காவதில், அது இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம்தான் இருந்தது.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாக்கணும்."

"மூணு சுத்து வந்துட்டீங்க டீச்சர். எனக்கே தல சுத்துது."

ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன். அடியில் 'இன்சைடு' என்று இருந்தது. மாரியப்பன் அண்ணன் ஜாக்கியை எடுத்து வந்து, கழற்றித் திருப்பி மாட்டினார். பிறகு, எழுத்து எதுவும் இல்லாத இடமாகத் தேடிப் புதுப் பொட்டு வைத்தார்.

"திங்கக்கெழம நான் சொன்னேன், இன்னைக்கு நீங்க சொல்லிட்டீக. சரியாப் போச்சு."

கமால் பாய் வந்தபோது மாரியப்பன் அண்ணன் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு நின்றிருந்தார். பாயைப் பார்த்ததும் தயங்கினார்.

"வைங்க அண்ணே, வைங்க" என்றார் பாய். "பின்னாடி மட்டும் ரெண்டு ரெண்டா வைங்க. அகலம் கூட."

நான் சைஸ் மாற்றிச் சொன்ன கதையைப் பாயிடம் ஒளிக்கவில்லை. அவர் சிரித்துவிட்டு, "ஒரு வார்த்த என்னக் கேட்டுருக்கலாமே தங்கச்சி. பதினாலு வருசம் அந்த வண்டிக்குக் காத்து அடிச்சவன் நானு" என்றார்.

எல்லா ரோட்டையும் மழையையும் பற்றி அவரிடம் கேட்டவள், இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

5. போர்டு

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யவில்லை. மாப்பிள்ளை பேண்டு செட்டின் பின்னால் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். அன்று மாலை பாய் போட்டோ அனுப்பினார். மாப்பிள்ளை பாதிதான் தெரிந்தார், நான்கில் இரண்டு டயர் முழுசாகத் தெரிந்தன.

திங்கட்கிழமை முதலாளி இனிப்போடு வந்தார். பேரன். பில் நகல்களைப் புரட்டினார். அந்த பில்லில் நின்று, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"என்னம்மா, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு எழுதியிருக்க? போர்டப் படிக்கலையா?"

நான் திருப்பிக் கேட்டேன். "சார், டிராக்டருக்கு எப்படி மாட்டுவோம்?"

அவர் டயர் அடுக்கைப் பார்த்தார். மாரியப்பன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மும்முரமாக ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். நான் ஸ்டிக்கரின் போட்டோவைக் காட்டினேன். முதலாளி நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப நான் போன்ல சொன்னது?"

"தப்பு சார். நானும் தப்பாத்தான் ஆர்டர் போட்டேன். அப்பறம் மாத்திட்டேன்."

சிவப்புப் பேனாவை மூடிப் பையில் வைத்தார். அன்றிலிருந்து ஆர்டர் என் பொறுப்பு.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். வண்டியில் ஏதாவது விநோதமாகத் தெரிந்தால், முதலில் அது தப்பு என்று எழுதாதீர்கள். கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கள், பிறகு ஓட்டுகிறவரைக் கேளுங்கள், பிறகு மாட்டுகிறவரைக் கேளுங்கள். சந்தேகப்படுவதில் வெட்கம் இல்லை. ஆனால் மற்றவர்கள் சொல்வதை மட்டும் சந்தேகப்பட்டால் போதாது, நாம் சரி என்று நினைப்பதையும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டும். அடுத்த வருடம் ஜூன் மாதம் மகளுக்கு யூனிபார்ம் அளவெடுத்துத்தான் தைத்தேன். ஆகஸ்டிலேயே சிறிதாகிவிட்டது. எல்லாப் பாடமும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை.

அந்தப் போர்டு இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. முதலாளி அதை அழிக்கச் சம்மதிக்கவில்லை. அடியில் அவரே பெயின்ட்டால் ஒரு வரி சேர்த்தார்: 'இது கமால் பாய் காருக்குப் பொருந்தாது.'