எழுத்தில்லாத துப்புகள்

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போக நான் சேலை தேய்த்துக்கொண்டிருந்தபோது நஸீராவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "ராத்தா மௌத்தாகிட்டா, அக்கா. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றார். நஸீரா போய்விட்டார். அயன் பெட்டியை அணைத்துவிட்டு, பாதி தேய்த்த சேலையையே உடுத்திக்கொண்டு அவர்களுடைய ஊரான கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினேன்.

நம் கம்பனியில் வேலை செய்கிறவர்கள், செய்து விலகியவர்கள், எல்லோரும் இதை வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி முதல் கயிறு வரை அனுப்புகிற இடம் நம்முடையது. அங்கே நஸீரா மனிதவளப் பிரிவு அலுவலர். உங்களில் சிலருக்கு அவர் லீவுக் கடிதத்தில் கையொப்பம் வைக்கிறவர் மட்டுமே. நான் ஒன்பது வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள். கப்பல் ஆவணங்கள் என் பொறுப்பு. அவரைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்தாலும், வருடத்தில் ஒருநாள் அவர் நடத்திய விளையாட்டைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு கிளையும் வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களை ஒன்றுசேர்க்கும் நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று கொழும்பிலிருந்து கடிதம் வரும். முதலில் வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு ஹோட்டல் மண்டபத்தில் நடத்தினோம். பலூன் ஊதச் சொன்னார், கைதட்டச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகத்தார் ஒரு மேசையிலும் களஞ்சியத்தார் வேறு மேசையிலும் இருந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

"பலூன் ஊதி ஆரும் சிநேகிதமாகினதை நான் காணயில்ல, கௌரி" என்றார் நஸீரா. "அடுத்த முறை நாமளே செய்வம்."

அப்படித்தான் அது தொடங்கியது. மற்ற இடங்களில் இதைப் புதையல் வேட்டை என்பார்கள். துப்பு ஒன்று கிடைக்கும், அதன் விடை ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகும், அங்கே அடுத்த துப்பு இருக்கும். நஸீராவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "வேட்டை எண்டா ஆரையோ துரத்துற மாதிரி இரிக்கி. தேடல் எண்டு போடுங்க" என்றார். ஆறு வாரம் அதிலேயே இருந்தார். உச்சி வெயிலில் குடையோடு டச்சுக் குடாக் கடற்கரையிலிருந்து கோட்டை வரை நடந்து நேரம் பார்த்தார். கால் வலிக்காரருக்கு எந்த வழி, தண்ணீர் எங்கே கிடைக்கும், பெண்கள் போகக்கூடிய கழிவறை எங்கே இருக்கிறது என்று எல்லாம் அவருடைய கொப்பியில் இருந்தன. "நடந்து பாக்காம வழி போடக் கூடாது" என்பார். ஒரே பிரிவைச் சேர்ந்த இருவரை ஒரு குழுவில் போடவில்லை. துப்புகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிடாதபடி ஒரு விதியும் வைத்தார்: ஒவ்வொரு துப்பையும் குழுவில் ஒவ்வொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும்.

அந்த விதிதான் பிழையாகிப் போனது.

அடுத்து எழுதுவதைத் தங்கராசா அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். களஞ்சியத்தில் பொதி ஏற்றி இறக்குகிறவர், கிளிவெட்டிக்காரர். எத்தனை நூறு பெட்டி இருந்தாலும் அவர் கையால் பிழையான பெட்டி கப்பலுக்குப் போனதில்லை. "எழுதுங்க பிள்ளை. நடந்தது நடந்ததுதானே" என்றார்.

அவர் என் குழுவில் இருந்தார். மூன்றாவது துப்பு மீன் சந்தைக்குப் பக்கத்தில் கிடைத்தது. வாசிக்கிற முறை அவருடையது. கடதாசியை விரித்தார். பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன், கடதாசி தலைகீழ்!" என்று சிரித்தேன். என்னோடு சேர்ந்து மற்ற மூவரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பிடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அதை மடித்து மதிலில் வைத்தார். "எனக்கு வயிறு சரியில்ல. நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு பஸ் நிலையப் பக்கம் நடந்தார். அவர் முதுகைப் பார்த்தபோதுதான், அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு விளங்கியது.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நஸீரா, "கௌரி, வாங்க, ஒரு இடத்துக்குப் போய் வருவம்" என்றார். கிளிவெட்டியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினோம்.

தங்கராசா அண்ணன் வேலி கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி எங்களுக்குக் கதிரை போட்டுப் பிளேன்ரீ தந்தார். அண்ணன் உட்காரவில்லை.

"இனி நான் வரமாட்டன் மிஸ்" என்றார். "பள்ளிக்கூடம் போற வயசில சண்டைக்குப் பயந்து ஊர் ஊரா ஓடித் திரிஞ்சனாங்க. இருபது வருசம் அங்க ஆருக்கும் தெரியாம இருந்திற்றன். இனி எப்பிடி ஆக்கள்ற முகத்தைப் பாக்கிற?"

"என்ட பிழைதான், அண்ணன்" என்றார் நஸீரா. "எல்லாரையும் சேர்க்க எண்டு சொல்லிக்கொண்டு ஆக்களைப் பாக்காமக் கடதாசியப் பாத்து எழுதியிருக்கன்."

"நீங்க என்ன செய்வீங்க மிஸ். எனக்குத்தானே வாசிக்க ஏலாது."

"எனக்கும் ஏலாத ஒண்டு இரிக்கி. எழுத்தில்லாம ஒரு துப்புச் செய்யச் சொன்னா எனக்குத் தெரியாது. நீங்க இருபது வருசமா எழுத்தப் பாக்காமத்தான் ஒவ்வொரு பெட்டியையும் கண்டுபிடிக்கிறீங்க. அடுத்த வருசம் நீங்க சொல்லித் தாங்க, நான் செய்யிறன்."

அண்ணன் மறுபடியும் வேலியைக் கட்டத் தொடங்கினார். நாங்கள் விடைபெற்றோம்.

திரும்பி வரும் பஸ்ஸில், "முதல்ல சிரிச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"அதுக்குத்தானே என்னைக் கூட்டிக்கொண்டு போனீங்க?"

"ஓம்" என்றார். "ஆனா நீங்க அத அண்ணனிட்டச் சொல்லாம என்னட்டச் சொல்றீங்க."

என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை தங்கராசா அண்ணன் வேலைக்கு வந்தார். நான் களஞ்சியத்துக்குப் போய், அரிசி மூடைகளுக்கு நடுவில் நின்று, மன்னிப்புக் கேட்டேன். வாயில் வந்ததெல்லாம் தடுமாறியது. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கடதாசி தலைகீழாத்தானே பிள்ளை இருந்தது" என்றார். அப்போதுதான் சிரித்தார். நான் அழுதேன்.

அடுத்த வருடத் தேடலில் ஓர் எழுத்துக்கூட இல்லை. ஒரு குழுவுக்குக் கயிற்று முடிச்சு கொடுக்கப்பட்டது. அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவரிடம் போனால்தான் அடுத்த துப்பு கிடைக்கும். இன்னொரு குழுவுக்கு ஒரு பிடி கறுப்பு மணல். அது புல்மோட்டை மணல் என்றும், நம் வாகனச் சாரதி புல்மோட்டைக்காரர் என்றும் அறிந்தவர்கள் அவரிடம் ஓடினார்கள். அறியாதவர்கள் ஒவ்வொருவராக, "உங்கட ஊர் எது?" என்று கேட்க வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து வந்த முகாமையாளர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் துறைமுக வீதியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் விசாரித்தார். பல வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த நாங்கள், யார் எங்கிருந்து வருகிறார்கள், யாருக்கு என்ன தெரியும் என்று அன்றுதான் கேட்டறிந்தோம்.

கோட்டைக்குள் ஒரு மரத்தில் துப்பாகத் தொங்கவிட்ட முருங்கை இலைக் கட்டு ஒன்றை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. போய்ப் பார்த்தால் வெறும் கயிறு தொங்கியது. கொஞ்சம் தள்ளி மூன்று மான்கள் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. "மிஸ், இவங்கதான் முதலாமிடம்" என்றார் தங்கராசா அண்ணன். நஸீரா சிரித்துச் சிரித்து மதிலில் சாய்ந்துவிட்டார்.

பரிசளிப்பின்போது, "இத முழுக்க யோசிச்சது தங்கராசா அண்ணன். நான் உதவியாள்" என்று அறிவித்தார். ஏன் எழுத்து இல்லை என்று சிலர் கேட்டார்கள். "எழுத்து எல்லாரும் செய்யிறதுதானே" என்றார். உண்மையான காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. என் குழுவில் அன்று சிரித்த மற்ற மூவரும்கூட அதற்குப் பிறகு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நஸீரா அவர்களிடம் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சிறுநீரகம் பழுதான பிறகு கிழமையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கப் போனார். மற்ற நாட்களில் அலுவலகத்துக்கு வந்தார். முகம் வீங்கியிருக்கும், அதைப் பற்றிக் கதைக்க விடமாட்டார். கடந்த வருடத் தேடலுக்கு அவரால் நடக்க ஏலவில்லை. டச்சுக் குடாவில் ஒரு மர நிழலில் கதிரை போட்டு இருத்தினோம். எல்லாக் குழுக்களும் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் அது. காற்று உப்பாக வீசியது. அவர் களைத்திருந்தார்.

"வீட்டில படுத்திருக்கலாமே" என்றேன்.

"தேடிப் போனவங்க திரும்பி வாறத ஒராள் இருந்து பாக்கணும், கௌரி" என்றார்.

முதல் குழு மணலில் ஓடி வந்தது. களஞ்சியத்தாரும் அலுவலகத்தாருமாக, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. அவர் எழுந்து நிற்க முயன்றார். முடியவில்லை. இருந்தபடியே இரண்டு கையையும் உயர்த்தினார். கடைசிக் குழு வந்து சேர ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. அதுவரை அவர் நகரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிண்ணியாவில் அவருடைய வீட்டில் பெண்களோடு இருந்தேன். அடக்கம் செய்ய மையவாடிக்குப் போன ஆண்களில் நம்மவர்கள் பலர். முகாமையாளரும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். நஸீராவின் உம்மா என் கையைப் பிடித்து, "மகள் உங்களப் பத்தி நிறையச் சொல்லும்" என்றார். என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நல்லதாகத்தான் இருந்திருக்கும். உண்மையில் இருந்ததைவிட நல்லதைத்தான் அவர் எல்லோரிடமும் பார்த்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். எதையும் எழுதுமுன், அதைக் கையில் வாங்கப் போகிறவரின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஓர் அறிவித்தல் ஒட்டினாலும், களஞ்சியத்துக்கு இறங்கிப்போய் வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டு வருகிறேன். பிழை விட்டால் உரியவரிடமே போகிறேன். இப்போதும் கால் தயங்கத்தான் செய்கிறது. ஆனாலும் போகிறேன்.

இந்த வருடத் தேடலை என்னைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஓம் என்றுவிட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் பதினொரு பேர். துப்புகளைத் தொடங்குமுன் அவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, நேற்று அவர்களில் ஒருத்தியோடு குச்சவெளி பஸ்ஸில் அவள் இறங்கும் இடம் வரை போய், அவளைக் கதைக்க விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள்.